படகு எங்கே நிற்கும்? சென்னைக் குப்பங்களும் கடல் பார்க்க வரும் கூட்டமும்

சென்னையின் ஏதாவது ஒரு மீனவக் குப்பத்துக்குப் போய், "இங்கே சுற்றுலா வளர்வது உங்களுக்குப் பிடிக்கிறதா?" என்று கேளுங்கள். "வரட்டுமே, கடல் எல்லாருக்கும் பொதுதானே" என்று பதில் வரும். அதே ஆளிடம், "அண்ணா, இப்போ படகை எங்கே ஏத்துறீங்க?" என்று கேட்டால் பேச்சு அரை மணி நேரம் ஓடும். முதல் கேள்விக்குக் கிடைத்தது விருந்தாளிக்குச் சொல்லும் மரியாதை. கருத்து இரண்டாவது பதிலில்தான் இருக்கிறது.

கடலோர மக்கள் சுற்றுலாவை எப்படிப் பார்க்கிறார்கள் என்று எழுதப்படும் அறிக்கைகள் பலவும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. ஆதரவு இவ்வளவு, எதிர்ப்பு இவ்வளவு என்று ஒரு படம் போட்டு முடித்துவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் நடைபாதை போட ஜேசிபி வந்து நிற்கும்போது, ஆதரவு என்று குறிக்கப்பட்ட அதே ஆட்கள் படகைச் சாலைக்குக் குறுக்கே இழுத்துப் போட்டால், "ஏன் திடீரென்று மாறினார்கள்?" என்று கேட்கிறார்கள். அவர்கள் மாறவே இல்லை. கூட்டத்தின் மேல் அவர்களுக்குக் கோபம் கிடையாது. அவர்கள் கணக்கு முழுக்க மணலில் இருக்கிறது: எந்த நேரத்தில், எந்த இடத்தில், எத்தனை அடி.

மணலின் ஒரு நாள்

பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பமோ மெரினாப் பக்கத்து நொச்சிக்குப்பமோ, மணலுக்கு ஒரு நேர அட்டவணை உண்டு. எழுதி வைத்ததல்ல, பழகி வந்தது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குப் படகு தள்ளுவார்கள். முந்தின மாலையே வலை விட்டுவிட்டு வந்தவர்கள் அதை எடுக்கப் போவதும் அந்த நேரம்தான். ஐந்து மணிக்கு நடைப்பயிற்சிக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். ஆறிலிருந்து ஒன்பதுக்குள் படகுகள் கரையேறும். மணலில் வலையை விரித்துப் போட்டு, கண்ணியில் மாட்டிய மீனை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். கவலை, காரப்பொடி போன்ற சின்ன மீன் நிறைய விழுந்த நாளில் நாலு பேர் உட்கார்ந்தாலும் இந்த வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஏலம், மீன்காரம்மாக்களின் கூடை, ஐஸ் எல்லாம் அந்த மூன்று மணி நேரத்துக்குள் அடக்கம். பத்து மணிக்கு மேல் கிழிந்த வலையைப் பின்னுவது. மதியம் மணல் காலி. வெயிலுக்கு அஞ்சாத காதலர்களும் நாய்களும் மட்டும். நாலு மணிக்குச் சுண்டல் வண்டி வரும், பின்னாலேயே ஊரே வரும். இரவு பத்து வரை மணல் அவர்களுக்கு.

வார நாட்களில் இந்தப் பங்கீடு தானாகவே ஒத்துப்போகிறது. ஞாயிற்றுக்கிழமைதான் உதைக்கிறது. ஞாயிறு காலையில்தான் மீன் வியாபாரம் உச்சம், கடல் பார்க்க வருபவர்களும் அன்றைக்குக் காலையிலேயே வந்துவிடுகிறார்கள். வலை விரிக்கும் இடத்தில் கிரிக்கெட் நடக்கும். படகின் நிழலில் ஒரு குடும்பம் டிபன் கேரியரைத் திறந்து உட்கார்ந்திருக்கும். அவர்களை எழுப்ப யாருக்கும் மனம் வராது, எழுப்பாமலும் முடியாது.

கோடையிலும் இதே சிக்கல்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்றதும், குப்பம் சும்மா இருக்கும், அப்போது கரையில் கோடை விழா வைக்கலாம் என்று வெளியாள் நினைக்கிறார். தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும்தான். குப்பத்து ஃபைபர் படகும் கட்டுமரமும் கடலுக்குப் போகும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பெரிய படகுகள் கட்டிக் கிடப்பதால் சின்னப் படகு கொண்டுவரும் மீனுக்கு அந்த இரண்டு மாதம்தான் நல்ல விலை. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். கரை இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படுகிறது.

ஒரு படகுக்கு எவ்வளவு இடம்?

ஃபைபர் படகு ஏறக்குறைய 9 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். இன்ஜினைக் கழற்றி வைக்கவும், வலையைக் குவிக்கவும், இரண்டு பக்கமும் ஆள் நின்று தள்ளவும், டிராக்டர் வைத்து இழுக்கும் ஊர் என்றால் அது திரும்பவும் இடம் விட்டால், படகு ஒன்றுக்கு 12 மீட்டருக்கு 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஐம்பது சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நூறு படகு உள்ள குப்பத்துக்கு நிறுத்தவே ஒன்றேகால் ஏக்கர் வேண்டும். வலை விரிக்க, மீன் காயவைக்க, ஏலம் போட வேண்டிய இடம் இதற்கு மேலே. கார் நிறுத்த, அது வந்து திரும்பும் வழியையும் சேர்த்து, இருபத்தைந்து சதுர மீட்டர் போகும். இரண்டு கார் நிற்கும் இடத்தில் ஒரு படகு நிற்கும் என்பது தோராயக் கணக்கு. வாகன நிறுத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் குப்பத்தில் முகம் ஏன் சுருங்குகிறது என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

கரைவலை இழுக்கும் ஊர்களில் தேவை இன்னும் அதிகம். சென்னைப் பக்கம் இதைப் பெரிய வலை என்பார்கள். ஒரு முனைக் கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, படகு கடலில் அரைவட்டம் போட்டு வலையை விட்டபடி வந்து, மறுமுனைக் கயிற்றைத் தொலைவில் கரைசேர்க்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்துக்கொண்டே ஒருவரை ஒருவர் நெருங்கி வருவார்கள். கடைசியில் மீன் சேரும் வலைப்பையான மடி கரையேறும். இதற்குச் சில நூறு மீட்டர் கரை தடையில்லாமல் இருக்க வேண்டும். நடுவில் கல்தடுப்பு, நிழற்குடை, கம்பி வேலி ஒன்று வந்தாலும் அந்தப் பாடு, அதாவது அந்தத் தடவை வலை போட்டது, போச்சு. குளிப்பவர் ஒருவர் கயிற்றுக்கு உள்ளே மாட்டினாலும் இழுப்பதை நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் மீன் தப்பிவிடும்.

பிறகு பாட்டில் சில்லு. எந்தக் குப்பத்தில் எந்த வயதுக்காரரைக் கேட்டாலும் முதல் ஐந்து புகார்களுக்குள் இது வந்துவிடும். வெளியாளுக்கு இது குப்பைப் பிரச்சினை, மீனவருக்குத் தொழில் பிரச்சினை. மணலில் வேலை செய்பவர்கள் செருப்புப் போடுவதில்லை. உள்ளங்காலில் சில்லு ஏறினால் உப்புத் தண்ணீரில் புண் ஆறாது, நாலைந்து நாள் கடலுக்குப் போக முடியாது. மணலில் விரித்த வலையைச் சுருட்டும்போது உடைந்த பாட்டிலின் கழுத்துப் பகுதி கண்ணியில் மாட்டிக்கொண்டால், இழுக்க இழுக்க வரிசையாக அறுத்துக்கொண்டே போகும். நைலான் நூல் அப்படித்தான் அறுபடும். பின்னி முடிக்க ஒரு பகல் ஆகும். மாநகராட்சியின் மணல் சல்லடை இயந்திரம் போன பிறகும் பிரச்சினை தீர்வதில்லை. படகும் வலையும் நிற்கும் இடத்தில் இயந்திரம் நுழைய முடியாது. சில்லு அதிகம் கிடப்பதோ படகின் மறைவில்தான்.

மெரினாவின் பழைய கணக்கு

இந்த மணல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மெரினாக்காரர்களின் மனநிலையைப் பேச முடியாது. 1870-களில் துறைமுகக் கட்டுமானம் தொடங்குவதற்கு முன் இவ்வளவு அகலமான கடற்கரை இங்கே இல்லை. வங்கக் கடலின் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போகும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் ஊரைத் தின்றது. சேர்ந்த மணலின் ஓரத்தில் 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். தெற்கே உலாவும் இடம், வடக்கே அலைத்தடுப்புக் கல். சுற்றுலாவைப் பற்றி வட சென்னைக் குப்பங்களில் கருத்துக் கேட்டால் பலர் சிரிப்பார்கள். அவர்களுக்கு அந்தக் கேள்வி எழும் அளவுக்கு மணலே மிச்சம் இல்லை.

புதுமணல் சேரச் சேர, மீனவர்கள் கடலோடு சேர்ந்து முன்னால் நகர்ந்து தொழில் செய்தார்கள். நகரமோ அந்த மணலைத் தன் முகப்பாகப் பார்த்தது. 1985-இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போனபோது மோதல் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் இறந்தார்கள். நாற்பது ஆண்டு ஆகியும் அழகுபடுத்துதல் என்ற சொல் இங்கே சாதாரணச் சொல் ஆகவில்லை. திட்ட அறிக்கை எழுதுபவர்கள் இந்த ஒரு சொல்லைத் தவிர்த்தாலே பாதிக் கூட்டங்கள் அமைதியாக நடக்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு, மெரினாக் குப்பங்களிலிருந்து பல குடும்பங்கள் செம்மஞ்சேரிக்குப் போயின. இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வீடு, தொழில் இன்னும் கரையில். விடியற்காலை மூன்று மணிக்குப் படகு தள்ள அங்கிருந்து எந்தப் பேருந்தில் வருவது? அப்போது முதல், அரசாங்கம் கரையைப் பற்றிப் பேசும் எதையும் 'அடுத்து நம்மைத்தான் அனுப்பப் போகிறார்கள்' என்ற காதோடுதான் குப்பம் கேட்கிறது.

லூப் சாலை விவகாரம் இந்தப் பின்னணியில் வந்தது. சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசலைக் குறைக்கக் கடலோரம் போட்ட சாலை அது. நொச்சிக்குப்பம், நடுக்குப்பம் பக்கத்துப் பெண்கள் அதன் ஓரத்தில் உட்கார்ந்து மீன் விற்றார்கள். 2023 ஏப்ரலில், சாலை ஆக்கிரமிப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொள்ள, மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் சாலையில் இறங்கினார்கள். 2024 ஆகஸ்டில் 366 கடைகளுடன் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரை, தண்ணீர், கழிவுநீர் வடிகால், மீன் வெட்டத் தனி இடம் எல்லாம் உண்டு. பழைய நிலையோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம்தான்.

ஆனாலும் அங்காடி வந்துவிட்டது, பிரச்சினை முடிந்தது என்று எழுதிவிட முடியாது. சாலையோரக் கடையின் பலமே பைக்கில் போகிறவர் ஒரு காலை ஊன்றி, "அக்கா, சங்கரா என்ன விலை?" என்று கேட்பதில் இருந்தது. அங்காடிக்குள் வரவேண்டும் என்றால் வண்டியை நிறுத்த வேண்டும், இறங்க வேண்டும், நடக்க வேண்டும். வாசலுக்குப் பக்கத்துக் கடைக்கும் கடைசி வரிசைக் கடைக்கும் வியாபாரம் ஒன்றாக இருக்காது. எந்த மார்க்கெட்டிலும் அப்படித்தான். கடைசி வரிசைக்காரருக்குப் பதினொரு மணிக்கு மீன் மிச்சம் இருந்தால், அதற்கு இன்னொரு சுற்று ஐஸ் வாங்க வேண்டும். மீன் எடைக்குச் சமமாக ஐஸ் போட வேண்டும் என்பது வழக்கமான அளவு. வெயில் காலத்தில் அதுவும் காணாது. மறுநாள் அதே மீனை விற்கும்போது விலை இறங்கியிருக்கும். சுழற்சி முறையில் இடம் மாற்றிக் கொடுத்தால் இதில் பாதி தீரும். இடம் ஒதுக்கும்போதே அதை எழுதிக்கொள்ள வேண்டும், பிறகு யாரும் வாசல் கடையை விட்டுத்தர மாட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வருகிறவர்களில் மீன் வாங்க வருபவர், கடல் பார்க்க வருபவர் என்று இரண்டு வகை. முதல் வகையைக் குப்பத்தில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஒரு குடும்பம் காரில் வந்து, வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, குழந்தைக்கு ஒரு பலூன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனால் குப்பத்துக்கு அதில் வரவு எதுவும் இல்லை. கணக்கெடுப்பில் இந்த இரண்டு வகையையும் சேர்த்து 'வருகையாளர்' என்று எழுதினால் கிடைக்கும் விடை யாருக்கும் உதவாது.

எரிச்சலுக்கு ஒரு அளவுகோல்

சுற்றுலா ஆய்வில் அடிக்கடி அடிபடுவது டாக்ஸி என்பவர் 1975-இல் சொன்ன எரிச்சல் அளவுகோல். ஓர் ஊருக்குச் சுற்றுலா வரும்போது உள்ளூர்க்காரர்கள் நாலு படிகளைக் கடக்கிறார்கள் என்றார் அவர்: பூரிப்பு, கண்டுகொள்ளாமை, எரிச்சல், பகை. கூட்டம் கூடக் கூட ஊர் ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகும். சொல்ல எளிது, படம் போட இன்னும் எளிது. பாடப்புத்தகங்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதுவே காரணம்.

ஊர் முழுவதும் ஒரே படியில் நிற்கும் என்று அது எடுத்துக்கொள்வதுதான் இடறல். சென்னைக் குப்பத்தில் ஒரு வீட்டுக்குள்ளேயே மூன்று படி இருக்கும். அப்பா வலைக்காரர், அவருக்கு எரிச்சல். அம்மா மீன் விற்கிறார். கூட்டம் வந்தால் நல்லது, பார்க்கிங்குக்காகக் கடையைத் தள்ளினால் கெட்டது. மகன் சர்ஃபிங் சொல்லித் தருகிறான், அவனுக்குப் பூரிப்பு. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதைக் கொடுக்கல் வாங்கலாகப் பார்த்தார்கள்: ஒருவர் சுற்றுலாவிடமிருந்து என்ன பெறுகிறார், என்ன இழக்கிறார் என்பதைப் பொறுத்தே அவர் கருத்து அமையும் என்றார்கள். இது எவ்வளவோ பொருத்தம். குப்பத்தில் மட்டும் ஒரு திருத்தம் தேவை. பெறுவது தனி ஆளுக்குப் போகிறது, இழக்கும் மணல் ஊருக்குப் பொதுவானது. சம்பாதிக்கிற மகன்கூட ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காரும்போது அப்பா பக்கம்தான் கை தூக்குவான்.

கோவளத்தில் வேறு மாதிரி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் போனால் கோவளம். இங்கே சுற்றுலா நீண்ட நாளாகப் பக்கத்தில் இருந்தது, ஆனால் மதிலுக்கு உள்ளே இருந்தது. ரிசார்ட்டுக்கு வருகிறவர் ஊருக்குள் வர வேண்டியதே இல்லை. அதை மாற்றியது அலை. ஊர் மீனவரான மூர்த்தி மேகவன் சர்ஃபிங் கற்று, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்து, 2012 வாக்கில் பள்ளியாகத் தொடங்க, மறு ஆண்டு முதல் அலைச்சறுக்கு விழாவும் நடந்தது. சொல்லித்தருபவர் உள்ளூர்க்காரர், கடலில் யார் எங்கே இறங்கலாம் என்று சொல்லும் அதிகாரமும் அவரிடம் இருக்கிறது. குப்பத்து ஆள் வேலைக்காரராக நிற்காமல் வாத்தியாராக நிற்கும் அபூர்வமான இடம் இது. கோவளத்தில் சுற்றுலாவைப் பற்றிய பேச்சின் தொனி வேறாக இருப்பதற்குப் பணத்தைவிட இந்த மரியாதை முக்கியக் காரணம் என்று சொல்லலாம்.

2021-இல் கோவளத்துக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு, 33 நிபந்தனைகளை வைத்து, ஆண்டுதோறும் புதுப்பித்துத் தரும் சான்று அது. குளிக்கும் நீரின் தரம், கழிப்பறை, உயிர்காப்பாளர், அறிவிப்புப் பலகை, குப்பை பிரிப்பு என்று பட்டியல் போகும். இந்த வசதிகளுக்கு வழிவிட, 2020 ஜனவரியில், கரையில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்காற்று விதியிலேயே தளர்வு தந்தார்கள். சான்று பெற்ற பகுதி கரையின் ஒரு துண்டு மட்டும்தான். அந்தத் துண்டு பளிச்சென்று இருக்கும். அதன் எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கம் படகும் வலையும் மீன் வாடையும். துண்டை எங்கே எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. படகு ஏற்றும் இடத்துக்கு மேலே வைத்தால் சண்டை, வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் வைத்தால் ஊர் கண்டுகொள்ளாது.

வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுவது கேட்க நன்றாக இருக்கும். 2019 கடலோர ஒழுங்காற்று அறிவிப்பு, ஊரகக் கடற்கரைப் பகுதிகளில் மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டின் தளப் பரப்பையும் வடிவத்தையும் மாற்றாமல் விருந்தினரைத் தங்கவைக்கலாம் என்கிறது. மாற்றாமல் என்பதில்தான் முடிச்சு. குப்பத்து வீடுகள் பல ஒற்றை அறை, இணைந்த கழிப்பறை கிடையாது. மாற்றினால்தான் விருந்தினர் வருவார், மாற்றினால் அனுமதி இல்லை. பட்டா இல்லாத வீட்டுக்கு வங்கிக் கடனும் கிடைக்காது. கடைசியில் வெளியிலிருந்து வருபவர் பட்டா உள்ள தோப்பை வாங்கிப் பண்ணை வீடு கட்டி வாடகைக்கு விடுகிறார். குப்பத்துப் பெண்கள் அங்கே பாத்திரம் தேய்க்கப் போகிறார்கள். நீலாங்கரை முதல் உத்தண்டி வரை இந்தக் கதை முன்பே நடந்து முடிந்துவிட்டது. அங்கே புகார் கூட்டத்தைப் பற்றி வருவதில்லை. கடலுக்குப் போகும் சந்து மதிலால் அடைபட்டதைப் பற்றித்தான் வருகிறது.

அடுக்குமாடியின் குரல்

பெசன்ட் நகரில் குடியிருப்போர் என்றால் இரண்டு ஊர். ஒன்று குப்பம், மற்றொன்று அவென்யூக்களின் அடுக்குமாடிகள். இரண்டாவது ஊருக்கும் எலியட்ஸ் கடற்கரை மேல் உறுதியான கருத்து உண்டு: வாசலை மறித்து நிற்கும் வண்டி, நள்ளிரவு பைக் பந்தயம், உணவுக்கடை ஸ்பீக்கர். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை அன்னை வேளாங்கண்ணித் திருவிழாவின்போது தெரு முழுக்கக் காவி உடுத்திய பக்தர்கள். அப்போது முணுமுணுப்பு இருக்கும், ஆனால் அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல யாருக்கும் தைரியம் வராது. இவர்களுக்கு மின்னஞ்சல் எழுதத் தெரியும், நலச்சங்கம் இருக்கிறது, செய்தியாளரைத் தெரியும். நாளிதழில் 'பகுதிவாசிகள் எதிர்ப்பு' என்று வந்தால் பெரும்பாலும் இந்தக் குரல்தான்.

இரண்டு ஊரும் எப்போதும் எதிரெதிர் அல்ல. கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடலோரம் உயர்மட்டச் சாலை போடும் திட்டம் 2010 வாக்கில் பேசப்பட்டபோது இரண்டும் சேர்ந்து எதிர்த்தன. 2015-இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமன் முதலானோர் குப்பத்துக்காரர்களோடு சேர்ந்து தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவில், சபாவில் கேட்கும் கச்சேரியைக் குப்பத்து மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். அதற்கு முன் அந்தத் தெருவுக்குள் கால் வைக்காத பெசன்ட் நகர்க்காரர்கள் நிறைய. கூட்டம் வந்ததே தவிர மணல் கைமாறவில்லை. மேடை பிரித்ததும் படகு பழைய இடத்துக்கு வந்தது. குப்பம் அதை விருந்தாக எடுத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

கருத்துக் கேட்கப் போகிறவர்களுக்கு

கல்லூரி மாணவர்களும் ஆலோசனை நிறுவனங்களும் வினாத்தாளோடு குப்பத்துக்கு வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. செய்யும் தவறுகளும் வழக்கமானவையே. முதல் தவறு நேரம். காலை பத்து மணிக்குப் போனால் ஆண்கள் தூக்கத்திலோ வலையிலோ இருப்பார்கள், பெண்கள் மார்க்கெட்டில் இருப்பார்கள். அகப்படுவது வயதானவர்களும் வேலையில்லாத இளைஞர்களும்தான். ஆண்களுக்கு மாலை நாலு மணி, மீன் விற்கும் பெண்களுக்கு மதியம் இரண்டு மணிக்கு மேல். பெண்களைத் தனியாகக் கேட்க வேண்டும். அப்போதுதான் கழிப்பறை பேச்சுக்கு வரும். சுற்றுலாவுக்காகக் கட்டிய கழிப்பறை மாலை ஆறு மணிக்கு ஏன் பூட்டப்படுகிறது, கட்டணம் ஏன் எங்களுக்கும், என்று அவர்கள் கேட்பதை ஆண்கள் முன்னால் கேட்க மாட்டார்கள்.

முதலில் ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டுத்தான் தெருவில் இறங்க வேண்டும். ஆனால் பஞ்சாயத்தார் காட்டும் வீடுகளில் மட்டும் கேட்டால் ஒரே பதில் இருநூறு முறை கிடைக்கும். எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 600 வீடு உள்ள குப்பத்தில், 95 சதவீத நம்பகத்தில், ஐந்து சதவீத ஏற்ற இறக்கத்தோடு முடிவு வேண்டுமென்றால் 235 வீடு போதும். 400 வீடு என்றால் 197. தண்ணீரைப் பார்த்த முதல் வரிசை, உள்வரிசை, குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் மாடிகள் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் அதன் பங்குக்கு எடுக்க வேண்டும். செம்மஞ்சேரியிலிருந்து தினமும் வந்து போகிறவர்கள் எந்த வீட்டுப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். அவர்களைக் கரையில் பிடித்தால்தான் உண்டு.

சொல்லிலும் சிக்கல் இருக்கிறது. குப்பத்தில் சுற்றுலா என்றால் வேன் பிடித்து ஊட்டிக்குப் போவது. கடற்கரைக்கு வருகிறவர்கள் 'பப்ளிக்'. வினாத்தாளில் 'சுற்றுலா வளர்ச்சி' என்று அச்சடித்துவிட்டு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்றால், வந்தவர் மனம் நோகக் கூடாதென்று நாலு சொல்வார்கள். எண் கேட்பதைவிட நடந்ததைக் கேட்பது மேல். போன ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வலை விரிக்க இடம் கிடைத்தது? போன மாதம் பாட்டில் குத்தி எத்தனை நாள் வீட்டில் இருந்தீர்கள்? இந்த வருஷம் யாரையாவது அலையிலிருந்து இழுத்து வந்தீர்களா? கடைசிக் கேள்விக்குக் கோவளத்திலும் மெரினாவிலும் பலர் கை தூக்குவார்கள். குளிக்கத் தடை என்று பலகை வைத்த இடத்தில் இறங்கியவரைக் காப்பாற்றப் போகிறவர் பெரும்பாலும் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்தான். அதற்காக அவருடைய அன்றைய பாடு போனது எந்த அறிக்கையிலும் வராது.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு வரைபடம். 2011 கடலோர ஒழுங்காற்று அறிவிப்பு மீனவர்களின் பொது இடங்களையும் மீன் உலர்த்தும் களங்களையும் கடலோர மேலாண்மைத் திட்டத்தின் உள்ளூர் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. அந்த வரைபடத்தின் அளவு 1:4,000. ஒன்பது மீட்டர் படகு அதில் இரண்டேகால் மில்லிமீட்டர். மாவட்ட அளவுக்கான 1:25,000 வரைபடத்தில் அரை மில்லிமீட்டர்கூட வராது, பேனா முனை அதைவிடத் தடிமன். நடைபாதையும் வாகன நிறுத்தமும் அந்த அளவிலும் தெரியும். அதனால் அதிகாரியின் மேசையில் கரை எப்போதும் காலியாகவே இருக்கிறது.

அளவெடுக்கும் மாதமும் முக்கியம். மே மாதத்தில் மணல் அகலமாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கி, வாடைக் காற்று எழும்பி, நீரோட்டம் திசை மாறியதும் அலை மணலை அரித்துக்கொண்டு போகும். டிசம்பரில் கடல் ஏறி வர, படகுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்து, கடைசியில் சாலையிலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் வந்து நிற்கும். புயல் எச்சரிக்கை வந்தால் இரவோடு இரவாக அத்தனையும் அங்கேதான். அப்போது கடல் பார்க்க யாரும் வருவதில்லை, இடமும் காலியாகத்தான் இருக்கிறது. வாகன நிறுத்தத்தைச் சுற்றி இரண்டடிச் சுவர் கட்டாமல் விட்டால் போதும், படகு ஏறிவிடும்.